கால் சத்தத்தில் ஆள் பிடித்தது

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். இருபது வருடமாக உணவகத்தில் கோப்பை கழுவும் கை இது. பேனை பிடித்தால் வழுக்குகிறது. எழுத்துப் பிழையும் இருக்கும். லகரம், ளகரம், ழகரம் மூன்றும் இடம் மாறி உட்கார்ந்திருந்தால் நீங்களே எழுப்பிச் சரியான கதிரையில் இருத்திவிடுங்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதுவும் முழுதாக இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் முதலில் அகதிகள் வந்து குடியிருந்தார்கள். பிறகு நாங்களே வேறொரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாகக் குடியிருந்தோம். ஆகவே நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நாட்கள் குறைவில்லை. படித்த நாட்கள்தான் குறைவு.

வாயால் சொன்ன பிழையை வாயால் திருத்துவதுதான் முறை. ஆனால் பத்துப் பேருக்கு முன்னால் நான் வாய் திறந்தது என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அது பிழையாகப் போனதால் இரண்டாம் தடவை திறக்க மறுக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் பாரிசில் லா ஷப்பலில், மெட்ரோ தலைக்கு மேலே ஓடும் வீதிக்குப் பக்கத்து வீதியில், மூன்றாம் மாடியில் இருக்கிறோம். நான், மனைவி, ஓர் அலுவலகத்தில் வேலை செய்யும் மகள். இவர்களோடு மனைவியின் தம்பி, என் மச்சான், பத்து வருடமாக எங்களோடு இருந்தான். விறாந்தை மாதிரி ஒடுங்கிய முன்னறையில் கிடந்த சோபா அவனுடையது. விடியற்காலையில் அலுவலகங்கள் துப்புரவாக்கப் போவான். மாலையிலும் ஒரு நேரம் போவான். அவனுடைய விசா அட்டை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. அதனால் அவனுக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. தன் பெயர் எந்தப் பொலிஸ் தாளிலும் ஏறிவிடக் கூடாது. மெட்ரோவில் ரிக்கெற் இல்லாமல் அவன் ஒரு நாளும் ஏறியது கிடையாது. வீதி கடப்பதென்றால் பச்சை மனிதன் தெரியும்வரை மழையிலும் நிற்பான்.

எங்கள் கட்டடத்தில் முதலாம் மாடித் தமிழ்க் குடும்பம் ஒரு கலியாண வீட்டுக்குப் போய் வந்தபோது அவர்கள் வீட்டில் நகை இல்லை. தமிழர் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது இந்த ஊர்க் கள்ளருக்கு மனப்பாடம். எங்கள் வீட்டிலும் இருந்தது. மகளின் கலியாணத்துக்கென்று மனைவி சேர்த்தது. மாப்பிள்ளைதான் இன்னும் இல்லை, நகை தயார். அன்றைக்கே அவள் அதை அலுமாரியிலிருந்து எடுத்து, குசினியில் அரிசி வாளிக்குள் புதைத்தாள். லா ஷப்பலில் எத்தனை வீட்டு அரிசிக்குள் நகை கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது. கள்ளருக்குத் தெரிந்திருக்கும்.

ரூ லூயி-பிளாங் வீதியில் ஒரு தொலைபேசிக் கடை இருக்கிறது. வேலைக்குப் போகும் வழியில் அங்கே ஐந்து நிமிடம் நிற்பது என் வழக்கம். அந்த வாரம் முழுக்க அங்கே கள்ளர் கதைதான்.

"கமரா பூட்டுங்கோ. எங்கை நிண்டாலும் போனிலையே பாக்கலாம்," என்றார் கமரா விற்கும் கடைக்காரர்.

"கள்ளன் வாறதைப் போனிலை பாத்து? லைக் போடுறதோ?" என்றார் பக்கத்தில் விமான ரிக்கெற் விற்பவர்.

"அப்ப ஒரு நாயை வளத்துப் பாருங்கோ."

"எங்கடை வீட்டிலை நாயை விட்டா, நாங்கள் எங்கை அண்ணை படுக்கிறது?"

நான் வழக்கம் போலச் சுவரோடு நின்று கேட்டேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பு. இவர்கள் எல்லோரும் வெளிச்சத்தை நம்புகிறார்கள். எனக்கு இருட்டுத் தெரியும். நான் உருப்படியாகப் படித்த ஒரே பாடம் அது. யாரும் சொல்லித் தரவில்லை, பயம் சொல்லித் தந்தது. சண்டைக் காலத்தில் விளக்கை அணைத்துவிட்டுப் பாயில் கிடந்து, வெளியே போகிற காலைக் காதால் பார்த்த பிள்ளைகள் நாங்கள். சப்பாத்துக் கால் என்றால் மூச்சை அடக்க வேண்டும். செருப்புக் கால் என்றால் காத்திருக்க வேண்டும். வெறுங்கால் என்றால் நம்மவர், கதவைத் திறக்கலாம். விளக்கைக் கொளுத்தியவனைத்தான் முதலில் தெரியும், கொளுத்தாதவன் பிழைத்துக்கொள்வான். இந்தப் படிப்புக்குச் சான்றிதழ் இல்லை. உயிரோடு இருப்பதுதான் சான்றிதழ் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆகவே கமரா வாங்கவில்லை. வாசலிலிருந்து குளிர்ப்பெட்டியைத் தாண்டி அறைக்குப் போகிற நடையில் எரிந்த பல்பைக் கழற்றி வைத்தேன். எங்கள் வீட்டு நடையின் இருட்டு எனக்குப் பழக்கம், கள்ளனுக்குப் பழக்கமில்லை என்பது என் கணக்கு. கட்டிலடியில் இடியப்ப உரலை வைத்துக்கொண்டேன். மரத்தால் செய்தது, கைபிடி உள்ளது, தலையில் பட்டால் போதும். மனைவி இடியப்பம் அவிக்கும் நாட்களில் மட்டும் எங்களுக்குப் பாதுகாப்பு இருக்கவில்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை, எனக்கு வேலையில்லாத நாள், வீட்டாருக்குச் சோதனை வைத்தேன். யன்னல் அடைப்புகளை எல்லாம் இறக்கி வீட்டை இருட்டாக்கினேன். நான் அறையில் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வேன், அவர்கள் ஒவ்வொருவராக நடையால் நடக்க வேண்டும்.

"இஞ்சேருங்கோ, கெதியிலை முடியுங்கோ. அடுப்பிலை கறி கிடக்குது," என்றாள் மனைவி.

"இது நீர்தான். இடது காலை இழுக்கிறீர்."

மகள் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்தபடி குதியால் குத்திக் குத்தி நடந்தாள். கண்டுபிடித்தேன். அடுத்ததாகத் தாயைப் போலக் காலை இழுத்து என்னை ஏமாற்றப் பார்த்தாள். அதையும் கண்டுபிடித்தேன். அடுத்த கால் மெதுவாக வந்தது, சத்தமே இல்லாமல், நடுவில் ஒரு கணம் நின்றது.

"மச்சான்," என்றேன்.

"எப்பிடி அத்தான்? நான் பூனை மாதிரியெல்லோ வந்தனான்!"

"குளிர்ப்பெட்டியடியிலை வந்து நிண்டாய்."

"அவன் காலாலையோ நடக்கிறான்? வயித்தாலை நடக்கிறான்," என்றாள் மனைவி. எல்லோரும் சிரித்தோம். மச்சான்தான் அதிகம் சிரித்தான். "அப்ப அத்தான், நீங்கள் நித்திரையிலும் எங்கடை கால் எல்லாம் கேட்டுக்கொண்டோ கிடக்கிறியள்?" என்று கேட்டான். ஓம் என்றேன், பெருமையாக. அந்தக் கேள்வியை அவன் ஏன் கேட்டான் என்று நான் யோசிக்கவில்லை.

என் முறை மிகச் சுலபமானது. எங்கள் வீட்டுக்கு வருகிற எவரும் கதவுக்கு வெளியே சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். எங்கள் மாடி வாசலில் எப்போதும் ஒரு சப்பாத்துக் குவியல் கிடக்கும். ஆகவே உள்ளே சப்பாத்துச் சத்தம் கேட்டால் அந்நியன். வெறுங்கால் கேட்டால் நம்மவர். இதில் பிழை வர இடமே இல்லை.

ஒரு வாரத்தில் முதல் பிழை வந்தது. மதிய வேலை முடித்து வந்து படுத்திருந்தேன். நடையில் சப்பாத்து, கனமானது, ஆண்பிள்ளைக் கால். உரலை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். கால் குசினிக்குள் போனது. நான் உரலை ஓங்கிக்கொண்டு பாய்ந்தபோது, கழுவு தொட்டிக்குக் கீழே தலையை விட்டுக் குனிந்தபடி ஒருவர் தண்ணீர் மீற்றரின் இலக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார். மனைவி விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்த்தாள், உரலைப் பார்த்தாள்.

"என்ன, இடியப்பம் அவிக்கப் போறியளோ?"

மீற்றர்க்காரர் திரும்பிப் பார்த்து எனக்கு மரியாதையாக வணக்கம் சொன்னார். நானும் உரலோடு வணக்கம் சொன்னேன். அத்தோடு எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். சப்பாத்தோடு வருகிறவர் எல்லாம் கள்ளர் இல்லை என்ற அரைவாசி எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. மற்ற அரைவாசியை நான் யோசிக்கவில்லை.

நடந்தது மார்கழி மாதத்து வியாழக்கிழமை. என் வேலை இரண்டு துண்டு. மதியச் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவி முடித்து மூன்றரைக்கு வீட்டுக்கு வருவேன். இரவுச் சாப்பாட்டுக் கோப்பைகளுக்கு ஆறரைக்குத் திரும்பிப் போவேன். இடையில் அடைப்பை இறக்கிவிட்டுப் படுப்பேன். அன்றைக்கும் படுத்தேன். மனைவியும் மகளும் வேலையில். கதவை இழுத்துச் சாத்தினேன், பூட்டவில்லை. உள்ளே திறப்பைப் போட்டுப் பூட்டினால் வெளியிலிருந்து மச்சானின் திறப்பால் திறக்க முடியாது. அவன் சாப்பிட வந்தால் மணி அடிப்பான், என் நித்திரை குழம்பும். ஆகவே எங்கள் கோட்டையை மச்சானுக்காக அரைவாசி திறந்து வைத்துவிட்டுக் காவலாளி நித்திரையானேன்.

கதவு மெல்லத் திறந்து சாத்துவது கேட்டது. பிறகு நடையில் கால். வெறுங்கால். மெதுவாக, சுவரைத் தடவிக்கொண்டு வருகிற கால். குளிர்ப்பெட்டியடியில் வந்து நின்றது.

நான் கண் திறக்கவில்லை. எனக்குத் தேவையும் இருக்கவில்லை. குளிர்ப்பெட்டியடியில் நின்ற அந்த ஒரு கணத்திலேயே ஆளைப் பிடித்துவிட்டேன். கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொண்டு சொன்னேன்:

"குசினியிலை புட்டுக் கிடக்கு. கத்தரிக்காய்க் குழம்பைச் சூடாக்கிப் போட்டுச் சாப்பிடு."

கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, "ம்."

அந்த "ம்" எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. களைத்த மனிதனின் "ம்". பத்து வருடமாகக் கேட்ட "ம்" என்றே பட்டது. குசினியில் ஏதோ மூடி திறந்தது. புட்டுச் சட்டி என்று நினைத்தேன். சட்டி மூடிக்கும் வாளி மூடிக்கும் வேறு வேறு சத்தம் என்பது எனக்கு இப்போது தெரியும், அன்றைக்குத் தெரியாது. நிம்மதியாகத் திரும்பிப் படுத்தேன். வீட்டில் நம் ஆள் ஒருவன் நிற்கிறான் என்ற நிம்மதி.

இரவு எட்டு மணிக்கு உணவகத்துக்கு மகள் போன் எடுத்து உடனே வரச் சொன்னாள். மனைவி உலை வைக்க அரிசி எடுத்திருக்கிறாள். வாளியில் அரிசி மட்டும்தான் இருந்தது. நிலத்தில் ஒரு மணி சிந்தியிருக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே யாரும் அவ்வளவு துப்புரவாக அரிசி அளப்பதில்லை.

இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள், ஓர் ஆண், ஒரு பெண். அன்றைக்கு எங்கள் வீட்டுக்குள் சப்பாத்தோடு வந்தவர்கள் அவர்கள்தான். கதவில் உடைத்த அடையாளம் இல்லை, பூட்டாமல் இழுத்துச் சாத்திய கதவை ஒரு கெட்டியான பிளாஸ்டிக் துண்டால் திறக்கலாம், இது வழக்கமாக நடப்பதுதான் என்று அந்தப் பெண் சொன்னதை மகள் தமிழில் சொன்னாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்குத்தான் ஆளைத் தெரியுமே.

"பிள்ளை, சொல்லு. நான் முழிப்பாத்தான் கிடந்தனான். வந்தது மாமா. காலிலை கண்டுபிடிச்சனான். சாப்பிடச் சொன்னனான், ஓம் எண்டவன்."

மகள் என்னையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பிரெஞ்சில் சொன்னாள். பொலிஸ்காரி எழுதிக்கொண்டாள். என் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்ததை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் இத்தனை வருடத்தில் நான் சொன்ன ஒன்றை அரசாங்கம் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஒன்பது மணிக்கு மச்சான் வந்தான். மனைவி வாசலிலேயே கேட்டாள்.

"பின்னேரம் எத்தினை மணிக்கு வந்தனி?"

"வரேல்லையே அக்கா. ஏன்?"

"வந்தவன்," என்றேன் நான்.

"இல்லை அத்தான். நான் ஸ்டாலின்கிராட் மெட்ரோவடியிலை நிண்டனான்."

"ஆரோடை?"

"தனியத்தான்."

"இந்தக் குளிருக்கை, தனிய?"

நகை போன கதையை மகள் சொன்னாள். அவன் முகம் மாறியது. களவெடுத்தவன் முகம் மாறியதாக நான் பார்த்தேன். பொலிஸ் வந்து போனது என்று கேட்டதும் அவன் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்தது. அதையும் நான் எனக்குப் பிடித்தமாதிரி விளங்கிக்கொண்டேன்.

மனைவிக்கு மனம் கேட்கவில்லை. குசினிக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து மெல்லச் சொன்னாள்: "புட்டு அப்பிடியே கிடக்குது. இவன் இந்த வீட்டுக்கை வந்து சாப்பிடாமல் போனதே இல்லை."

நான் சொன்னேன்: "நகை எடுத்தவனுக்குத் தொண்டைக்குள்ளாலை புட்டு இறங்குமோ?"

இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. புட்டைத் தின்றிருந்தால் அவன்தான் என்று சொல்லியிருப்பேன். தின்னாததாலும் அவன்தான் என்றேன். அந்தப் புட்டு எந்தப் பக்கம் சாட்சி சொன்னாலும் மச்சானுக்கு விடுதலை இருக்கவில்லை.

அத்தோடு நின்றிருந்தால் வீட்டுக்குள் போயிருக்கும். சனிக்கிழமை தொலைபேசிக் கடைக்குப் போனேன். "அண்ணை, உங்கடை வீட்டிலையுமாமே?" என்று கடைக்காரர் கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பத்துப் பேர் இருக்கும். யாரோ எனக்குக் கதிரை தந்தார்கள். நான் சொன்னேன். பல்பைக் கழற்றியதிலிருந்து, வெறுங்கால், குளிர்ப்பெட்டி, "ம்" வரைக்கும் சொன்னேன். ஒருவரும் இடையில் கதைக்கவில்லை.

"காலை வச்சே பிடிச்சிட்டியள்!" என்றார் ரிக்கெற் விற்பவர்.

"அண்ணை வாய் திறக்கமாட்டார், காது மட்டும் திறந்தபடி," என்றார் இன்னொருவர்.

தேநீர் வந்தது. நான் குடித்தேன், இனிப்பாக இருந்தது. மச்சானின் பெயரை நான் சொல்லவில்லை. "வீட்டுக்கையே இருக்கிற ஆள்" என்று மட்டும் சொன்னேன். எங்கள் வீட்டுக்குள் இருக்கிற ஆட்கள் எத்தனை பேர் என்று அந்தக் கடையில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று மாலையே அவன் காதுக்குப் போய்விட்டது. வந்து உடுப்புகளை ஒரு பையில் போட்டான். மனைவி அழுதாள். மகள் தன் அறைக் கதவில் நின்றாள்.

"அத்தான், வீட்டுக்கை சொன்னதைப் பொறுத்தனான். கடையிலை சொன்னதைப் பொறுக்கேலாது. அந்தக் கடையிலை என்னோடை வேலை செய்யிற ஆக்கள் நிக்கிறவை. நாளைக்கு ஆர் என்னை நம்பி துப்புரவாக்கிற கந்தோரின்ரை திறப்பைத் தருவினம்?"

திறப்பை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்ச் சப்பாத்தை மாட்டினான். எங்கள் படிக்கட்டு விளக்கு ஒரு நிமிடம் எரிந்து தானாக அணைகிற விளக்கு. அவன் இரண்டாம் மாடிக்குப் போகமுன் அணைந்துவிட்டது. அவன் அதைத் திரும்பப் போடவில்லை. இருட்டுக்குள் அவன் இறங்குவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அன்றைக்கு மட்டும் அந்தக் கால் யாருடையது என்பதில் எனக்குப் பிழை வரவில்லை.

ஒரு கிழமை கழித்து நான் கோயிலுக்கும் கொண்டாட்டங்களுக்கும் போடுகிற கறுப்புச் சப்பாத்தைத் தேடினேன். வாசல் குவியலில் இல்லை. அதே மாதிரிக் கறுப்பில் வேறொரு சோடி கிடந்தது.

"தன்ரை சப்பாத்தை விட்டிட்டு என்ரையையும் போட்டுக்கொண்டெல்லோ போட்டான்," என்றேன். என் குற்றப்பத்திரிகையில் சப்பாத்தும் ஏறியது.

தை மாதத்தில் கட்டடத்தைப் பராமரிக்கும் பெண், மாடி வாசல்களில் கிடக்கும் சப்பாத்துகளைச் சனிக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் குப்பையில் போடுவேன் என்று ஒரு தாள் ஒட்டினாள். மனைவியும் மகளும் குவியலைப் பிரித்துச் சோடி சேர்த்தார்கள். கடைசியில் அந்தக் கறுப்புச் சோடி மிஞ்சியது.

"மாமான்ரை. எடுத்து உள்ளை வை," என்றாள் மனைவி.

மகள் அதைத் தலைகீழாகப் பிடித்து உள்ளே பார்த்தாள். "அம்மா, இது நாப்பத்து மூண்டு. மாமாக்கு நாப்பது. நான்தானே அவருக்கு நத்தார்ப் பண்டிகைக்குச் சப்பாத்து வாங்கிக் குடுக்கிறனான்."

"அப்பான்ரை?"

"அப்பாக்கு நாப்பத்தொண்டு."

மேல் மாடியிலும் கீழ் மாடியிலும் கேட்டோம். யாருடையதும் இல்லை. நான் நடையில் நின்றுகொண்டிருந்தேன், பல்பு இல்லாத நடையில். எனக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. கள்ளன் சத்தம் கேட்கக் கூடாதென்று சப்பாத்தைக் கழற்றியிருக்கிறான். கழற்றியதை எங்கே வைப்பது? எங்கள் வாசலில் அதற்கென்றே ஒரு குவியல் கிடந்தது. போகும்போது படிக்கட்டு விளக்கைப் போடப் பயந்து, இருட்டில் தடவி, கறுப்புச் சோடி ஒன்றில் காலை நுழைத்திருக்கிறான். என்னுடையது அவனுக்கு இரண்டு இலக்கம் சிறிது. குதியை மிதித்துக்கொண்டே ஓடியிருப்பான். அந்த வீட்டில் அன்றைக்கு இருட்டில் மாறிப் பிடித்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை.

மனைவி என்னைப் பார்த்தாள். "காலிலை கண்டுபிடிச்சியளே," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"பொலிசிலை அவன்ரை பேர்," என்று நான் தொடங்கினேன். அவனுடைய அட்டை புதுப்பிக்க வேண்டிய மாதம் வந்துகொண்டிருந்தது.

"நான் மாமான்ரை பேர் சொல்லேல்லை," என்றாள் மகள். "அப்பா நித்திரை, ஆரோ நடந்தமாதிரிக் கேட்டவர் எண்டுதான் சொன்னனான்."

ஆகவே அரசாங்கம் எழுதிக்கொண்ட என் ஒரே வாக்குமூலம், நான் நித்திரை என்பது. அதைவிட உண்மையான ஒன்றை என்னாலும் சொல்லியிருக்க முடியாது.

மகள் சப்பாத்துச் சோடியைப் பொலிசிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர்கள் ஒரு பையில் போட்டு வைத்துக்கொண்டார்கள். நகை வரவில்லை. இனி வரும் என்று நாங்கள் பார்த்திருக்கவும் இல்லை. மனைவி தம்பிக்குப் போன் எடுத்தாள், அவன் எடுக்கவில்லை. சப்பாத்து இலக்கத்தையும் சேர்த்துச் செய்தி எழுதிப் போட்டாள், வாசித்த அடையாளம் மட்டும் வந்தது. "சொன்னவர் நீங்கள். நீங்கள்தான் போகவேணும்," என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை போனேன். அவன் பாரிசுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் வேறு நாலு பேரோடு ஒரு வீட்டில் இருந்தான். ஆர்.இ.ஆர் ரயிலில் போய், பஸ் எடுத்து, நாலாம் மாடி ஏறினேன். பின்னேரம் ஐந்தரைதான், ஆனால் இருட்டிக்கொண்டு வந்தது. கதவடியில் நின்றேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்தேன். படிக்கட்டு விளக்கு அணைந்தது, போட்டேன். திரும்பவும் அணைந்தது, திரும்பவும் போட்டேன். மூன்றாம் தடவை அணைந்தபோது போடவில்லை. தட்டாமல் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்த நேரம் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அத்தான், கதவு திறந்துதான் கிடக்கு. வாங்கோ."

உள்ளே போனேன். அவன் தனியாக ஒரு மெத்தையில் இருந்தான். எப்படி நான் என்று தெரியும் என்று கேட்டேன்.

"ஆர் கதவடிக்கு வந்திட்டுத் தட்டாமல் நிக்கிறது? பத்து வருசம் ஒரு வீட்டிலை இருந்தனான். எல்லாருக்கும் நடை இருக்கு. உங்களுக்கு நிக்கிறதுதான்."

நான் மெத்தையின் ஓரத்தில் இருந்தேன்.

"நாப்பத்து மூண்டாம்," என்றான் அவனே.

"ஓம்."

"எனக்கு நாப்பது."

"ஓம்."

"பத்து வருசம் உங்கடை வாசல்லை கழட்டி வச்சனான். ஒருக்காலும் நீங்கள் அதைப் பாக்கேல்லை. கேட்டுக்கொண்டு மட்டும் கிடந்தியள்."

பிறகு அவன் சொன்னதுதான் எனக்கு இந்தத் தாளில் எழுதக் கடினமானது. நான் சோதனை வைத்த திங்கட்கிழமைக்குப் பிறகு அவன் பின்னேரங்களில் வீட்டுக்கு வருவதையே நிறுத்தியிருந்தான். "நித்திரையிலும் எங்கடை காலைக் கேக்கிறன் எண்டனியள். இரவும் வேலை செய்யிற மனுசன், அந்த ரெண்டு மணித்தியாலமாவது படுக்கட்டும் எண்டு ஸ்டாலின்கிராட்டிலை, மெட்ரோப் பாலத்துக்குக் கீழை இருப்பன். பிறகு வேலைக்குப் போட்டு இரவுதான் வாறனான். அதை ஒரு காரணமாச் சொல்லேலுமே, சொல்லுங்கோ. அண்டைக்குச் சொல்லியிருந்தா நீங்கள் நம்பியிருப்பியளோ?"

நான் நம்பியிருக்கமாட்டேன். என் நித்திரைக்காகக் குளிரில் நின்றவனை, என் நித்திரையில் நான் கள்ளன் என்று பிடித்தேன். வாசல் கதவைப் பூட்டாமல் விட்டதும் அவனுக்காக, வராமல் இருந்தவனுக்காக.

"வீட்டை வா மச்சான்," என்றேன்.

"கடையிலை சொன்னனியளே. அதை என்ன செய்யிறது?"

"சொல்லுறன். பிழை எண்டு சொல்லுறன்."

அவன் சிரித்தான். "உங்களாலை ஏலாது அத்தான். போய்ச் சுவரோடை நிண்டிட்டு வருவியள். எழுதிக் குடுங்கோ. அவை வாசிக்கட்டும். வாசிச்ச பிறகு வாறன்."

"என்ரை எழுத்தை ஆர் வாசிப்பினம்?"

"கள்ளர் கதை எண்டா எழுத்துக்கூட்டியெண்டாலும் வாசிப்பினம்."

எழும்பி விளக்கைப் போட்டான். "பாணும் சம்பலும் கிடக்கு, குசினியிலை. போட்டுச் சாப்பிடுங்கோ."

"ம்," என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். "வெளியிலை கழட்டின சப்பாத்தை உள்ளை கொண்டுவந்து வையுங்கோ. இஞ்சை வாசல்லை விட்டா ஆரேன் மாறிப் போட்டுக்கொண்டு போடுவினம்."

ஆகவே கடைக்கு வருகிற எல்லோருக்கும்: அன்றைக்குக் கதிரையில் இருந்து நான் சொன்னது பிழை. வந்தவன் என் மச்சான் இல்லை. வந்தவனுடைய கால் நாற்பத்து மூன்று. என் மச்சானுடையது நாற்பது. அவனை நம்பி யாரும் எந்தத் திறப்பையும் கொடுக்கலாம். எங்கள் வீட்டுத் திறப்பு அவன் வைத்த மேசையிலேயே இன்னும் கிடக்கிறது, அவன் வந்து எடுப்பதற்காக. நடையில் பல்பைப் பூட்டிவிட்டேன். இடியப்ப உரல் குசினிக்குத் திரும்பிவிட்டது.

மூன்று திங்கட்கிழமைகள் எழுதி, மகளிடம் கொடுக்காமல், திருத்தாமல், எழுதி முடித்தது: மாசி மாதம், கடைசித் திங்கட்கிழமை, பின்னேரம், விளக்கு வெளிச்சத்தில்.